எல்லாருக்கும் சரிவருகிற இடம்

மலர்க்குழுவில் இருக்கும் தம்பி ஒருவர் ரெலிபோன் எடுத்து, "அண்ணை, புதுவருட மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தாங்கோ" எண்டு கேட்டார். வரலாறு எண்டால் சங்கிலியன், எல்லாளன் எண்டுதான் எதிர்பார்த்திருப்பார். அவர்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் எங்கள் சங்கத்திலேயே இருக்கிறார்கள். பல பேர் கூடியிருந்து, பல விடயங்களையும் யோசித்து, ஒரு முடிவுக்கு வருவதற்கு மனிதர்கள் என்னென்ன வழிகளைக் கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் நான் எழுத எடுத்திருக்கிறேன். எங்கள் பொதுக்கூட்டங்களுக்கு வந்தவர்கள் இப்பவே சிரிப்பார்கள். நியாயம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் முதியோர் ஒன்றுகூடலுக்கும் ஓர் இடம் எடுப்பதற்காகக் கூட்டம் வைத்தோம். தேவாலய மண்டபம், ஒரு பாடசாலைக் கட்டடம், நகரசபையின் சமூக நிலையம் என மூன்று இடங்கள். வந்தவர்கள் 41 பேர். கை தூக்கச் சொன்னோம். தேவாலய மண்டபத்துக்கு 18, பாடசாலைக்கு 14, சமூக நிலையத்துக்கு 9. தேவாலய மண்டபம் வென்றது எண்டு அறிவித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். இரண்டு மாதத்துக்குள் பாடசாலைக்குக் கை தூக்கியவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளை மறித்து வேறு பள்ளி தொடங்கிவிட்டார்கள். மண்டபமோ மேல்மாடி, லிஃப்ற் இல்லை. ஆச்சிமார் ஒவ்வொருவராக வராமல் விட்டார்கள். நானும் அண்டைக்குத் தேவாலயத்துக்குத்தான் கை தூக்கினேன். என்ரை வீட்டிலிருந்து நடந்து போகலாம், அதுதான் காரணம்.

பேந்து மனம் கேளாமல் வந்த ஆட்களை விசாரித்து, அவர்களுடைய இரண்டாவது விருப்பத்தையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றிரண்டு பேர் முன்பின் மாறிச் சொன்னதை விட்டுவிட்டால் கணக்கு இப்படி வந்தது. தேவாலயம் கேட்ட 18 பேருக்கு இரண்டாவது சமூக நிலையம். பாடசாலை கேட்ட 14 பேருக்கும் இரண்டாவது சமூக நிலையம்தான், கடைசி தேவாலயம். சமூக நிலையம் கேட்ட 9 பேருக்கு இரண்டாவது பாடசாலை, கடைசி தேவாலயம். அதாவது 41 பேரில் 23 பேர் எதைக் கடைசியாக வைத்தார்களோ அதையே நாங்கள் எல்லோருடைய முடிவு எண்டு அறிவித்திருந்தோம்.

இந்தக் குறையைப் பிரான்சில் போர்டா என்ற கடற்படை அதிகாரி 1770 ஆம் ஆண்டே பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் எடுத்துச் சொன்னார். முதல் விருப்பத்துக்கு 2, இரண்டாவதுக்கு 1, கடைசிக்கு 0 எனப் புள்ளி போட்டுக் கூட்டுவது அவருடைய வழி. எங்கள் கணக்கில் சமூக நிலையத்துக்கு 50, பாடசாலைக்கு 37, தேவாலயத்துக்கு 36. வென்றதாகச் சொன்னது கடைசிக்குப் போய்விடுகிறது! 1785 இல் கொண்டோர்சே பிரபு வேறொரு வழி சொன்னார். இரண்டிரண்டாக மோதவிட்டு எல்லாவற்றையும் வெல்வது எது எண்டு பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் சமூக நிலையம் தேவாலயத்தை 23-18 என்றும் பாடசாலையை 27-14 என்றும் வெல்கிறது. ஆனால் இந்த இரண்டு வழியும் எப்போதும் ஒரே விடையைத் தருவதில்லை. சில வேளைகளில் கொண்டோர்சேயின் வழியில் முதலாவது இரண்டாவதை வெல்லும், இரண்டாவது மூன்றாவதை வெல்லும், மூன்றாவது திரும்பவும் முதலாவதை வெல்லும். குறையில்லாத வழியொன்று இருக்காதோ எண்டு தேடிய கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளியலாளர், நியாயமாகத் தோன்றும் சில நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒருங்கே நிறைவேற்றும் வாக்குமுறை இருக்கவே முடியாது என 1951 இல் நிறுவினார்.

இந்த இடத்தில் எங்கடை ஆட்கள் யாராவது, "உதெல்லாம் எங்களுக்குச் சோழர் காலத்திலேயே இருந்தது, உத்தரமேரூர்க் குடவோலையைப் பாருங்கோ" எண்டு சொல்லுவினம். பெருமைதான், மறுக்கவில்லை. பராந்தக சோழன் காலத்து, 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. ஆனால் அது திருவுளச்சீட்டு. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். யார் வாரியத்தில் இருப்பது என்பதை அது தீர்த்தது. இருந்தவர்கள் எப்படி ஒருமனப்பட்டார்கள் என்பதைக் கல்லில் வெட்டவில்லை. காணி இல்லாதவன் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை என்பதும் அதே கல்வெட்டில்தான் இருக்கிறது.

வாக்குமுறை ஒரு பக்கம். மறுபக்கத்தில் இருப்பது, வாடகை, தூரம், படி, வகுப்பறை என ஒன்றோடொன்று ஒட்டாத விடயங்களை எப்படி ஒரே தராசில் வைப்பது என்ற கேள்வி. இதற்கு நாங்கள் வாழும் இந்த லண்டனிலேயே ஒரு பழைய கடிதம் உண்டு. 1772 செப்ரெம்பர் 19 ஆம் திகதி, இங்கே குடியிருந்த பெஞ்சமின் பிறாங்கிளின், புதிய வேலையொன்றை ஏற்பதா விடுவதா எண்டு கேட்ட ஜோசப் பிறீஸ்ற்லிக்கு எழுதியது. என்ன முடிவெடுப்பது எண்டு சொல்ல எனக்கு விபரம் போதாது, எப்படி எடுப்பது எண்டு வேண்டுமானால் சொல்கிறேன் என்று தொடங்குகிறார். ஒரு தாளை நடுவில் கோடிட்டு, ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். மூன்று நான்கு நாள் யோசித்து எழுது. இரு பக்கமும் சமபாரமான காரணங்களை வெட்டிக்கொண்டு வா. மிஞ்சுகிற பக்கம்தான் முடிவு. ஒரு மனிதனுக்கு இது போதும். ஆனால் ஒருவருடைய சாதகம் இன்னொருவருடைய பாதகமாக இருந்தால்? அந்தச் சிக்கலை நான் விளங்கிக்கொண்டது இரண்டு விமான நிலையங்களின் கதையில். பகுதிநேரமாகப் படித்த காலத்தில் இரண்டையும் பாடமாகத் தந்தார்கள்.

முதலாவது லண்டனின் மூன்றாவது விமான நிலையம். ஹீத்ரோவும் கற்விக்கும் போதாது, ஸ்ரான்ஸ்ரெட்டைப் பெருப்பிப்போம் எண்டு அரசாங்கம் 1967 இல் சொல்ல, அந்தப் பகுதிச் சனம் எதிர்த்தது. உடனே 1968 இல் நீதிபதி ரொஸ்கில் தலைமையில் ஏழு பேர் கொண்ட ஓர் ஆணைக்குழுவை நியமித்தார்கள். அவர்கள் 78 இடங்களில் தொடங்கி நான்குக்கு வந்தார்கள். கபிளிங்ரன், நத்தம்ஸ்ரெட், தேர்லி என உள்நாட்டில் மூன்று, கடலோரத்தில் ஃபவுல்னெஸ். ஸ்ரான்ஸ்ரெட் அந்த நான்கிலும் இல்லை, இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதைச் செலவு, வீடுகளுக்கு வரும் இரைச்சல், பிரயாணிகள் விமான நிலையத்துக்குப் போய்ச்சேரும் நேரம், எல்லாவற்றையும் பவுணாக மாற்றிக் கூட்டினார்கள். வியாபாரத்துக்குப் போகிறவருடைய ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு விலை, உல்லாசப் பயணியின் மணித்தியாலத்துக்கு அதைவிடக் குறைந்த விலை. ஃபவுல்னெஸ் தூரம் எண்டபடியால் இந்த நேரக் கணக்கிலேயே அது அடிபட்டுப் போனது.

ஸ்ரூக்லி என்ற கிராமத்தில் 12 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நோர்மன் காலத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. கபிளிங்ரன் தெரிவானால் அது இடிபட வேண்டிவரும். அதற்கு என்ன விலை? தீக்காப்புறுதித் தொகையான 51,000 பவுணை எடுக்கலாம் என்ற பேச்சு வந்தது. ஊரே கொதித்தது. ஜோன் அடம்ஸ் என்ற புவியியலாளர் 1970 இல், இதே கணக்கைப் பிடித்துப் போனால் விமான நிலையத்தை வெஸ்ட்மின்ஸ்ரரிலேயே கட்டலாம் எண்டு நையாண்டியாக ஒரு கட்டுரை எழுதினார். எல்லோருக்கும் கிட்ட, நேரம் மிச்சம்!

1971 ஜனவரியில் ஆணைக்குழு கபிளிங்ரனைச் சிபாரிசு செய்தது. ஏழு பேரில் ஒருவரான நகரத் திட்டமிடலாளர் கொலின் புக்கானன் மட்டும் உள்நாட்டு இடம் கூடாது, அது சுற்றாடலுக்குப் பேரழிவு எனத் தனிக்குறிப்பு எழுதினார். மூன்று மாதம் கழித்து, ஏப்ரலில், அரசாங்கம் ஆறு பேரை விட்டுவிட்டு அந்த ஒருவர் விரும்பிய ஃபவுல்னெஸைத் தெரிவுசெய்தது. 1974 இல் அதையும் கைவிட்டது. கடைசியில் 1985 இல் அனுமதி கிடைத்து, 1991 இல் புதிய கட்டடம் திறக்கப்பட்ட இடம் எது? ஸ்ரான்ஸ்ரெட்! ஜேர்மனிக்கோ டென்மார்க்குக்கோ கலியாணவீட்டுக்கு மலிவு ரிக்கற்றில் போகும்போது நாங்கள் வரிசையில் நிற்கிறோமே, அந்த இடந்தான்.

கணக்கில் பிழை இல்லை. எல்லாவற்றையும் காசாக்கியபோது, எந்த இடத்தில் ஆளுக்கு ஆள் கருத்து வேறுபடுகிறது என்பது ஒரே கூட்டுத்தொகைக்குள் மறைந்துபோனது. தேவாலயத்தின் விலையில் சண்டை பிடித்தவர்கள் உண்மையில் விலையில் சண்டை பிடிக்கவில்லை.

இரண்டாவது கதையும் அதே 1971 இல்தான், மெக்சிக்கோ நகரத்தில். அங்குள்ள விமான நிலையம் பழைய ரெஸ்கோகோ ஏரிப் படுகையில் இருக்கிறது. மண் இளகினது, ஓடுபாதை தாழும், சுற்றிவர நகரம் நெருங்கிவிட்டது. போக்குவரத்து அமைச்சு அதையே பெருப்பிக்க வேண்டும் என்றது. பொதுவேலைகள் அமைச்சு, வடக்கே சும்பாங்கோவுக்கு மாற்ற வேண்டும் என்றது. பொதுவேலைகள் அமைச்சுக்கு உதவ அமெரிக்காவிலிருந்து ரல்ஃப் கீனியும் றிச்சர்ட் டி நொய்வில்லும் போனார்கள். ஹவார்ட் பேராசிரியர் ஹவார்ட் றைஃபாவோடு சேர்ந்து கீனி 1976 இல் வெளியிட்ட நூலில் இது விபரமாக இருக்கிறது. இவர்கள் எல்லாவற்றையும் காசாக்கவில்லை. செலவு, மணிக்கு எத்தனை விமானம், போய்ச்சேரும் நேரம், விபத்தில் பாதிக்கப்படுவோர், இடம்பெயர்க்கப்படுவோர் தொகை, இரைச்சலுக்கு உள்ளாவோர் தொகை என ஆறு அளவுகோல்களைத் தனித்தனியே வைத்தார்கள். பிறகு, "இதில் இவ்வளவு கூடுவதற்காக அதில் எவ்வளவு விட்டுக்கொடுப்பீர்கள்?" எண்டு அமைச்சின் பணிப்பாளர்களிடம் கேட்டுக் கேட்டு நிறை போட்டார்கள். உடனே எல்லாவற்றையும் கட்டாமல், சும்பாங்கோவில் காணியை வாங்கி வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவது நல்லது என்ற பக்கமாக முடிவு வந்தது.

அந்த நூலில் ஐந்தாவது அளவுகோல் இடம்பெயர்க்கப்படுவோர் தொகை. அதை வாசித்த இரவு நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் இருந்தேன். எங்களுடைய வளவு வலிகாமம் வடக்கில், பலாலி விமானத்தளத்துக்குக் கிட்ட. அந்தத் தளம் இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. 1990 ஜூனில் நாங்கள் எழும்பினோம். உடுத்த உடுப்போடு, அம்மா மட்டும் வீட்டுத் திறப்பைக் கையில் பொத்திக்கொண்டு வந்தா. 2019 ஒக்ரோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் எனத் திறக்கப்பட்டது. எங்கள் வளவு இன்னும் வேலிக்கு உள்ளேதான். "இடம்பெயர்க்கப்படுவோர்" எண்டு ஒரு நிரலில் எண் போடும்போது அந்த எண்ணுக்குள் அம்மாவும் திறப்பும் இருக்கும். எண் போடவே வேண்டாம் எண்டு நான் சொல்லவில்லை. எங்களுக்கு அந்த எண்ணைக்கூட ஒருவரும் போடவில்லை.

மெக்சிக்கோவிலும் நிறை போட்டவர்கள் அமைச்சின் மேசையில் இருந்தவர்கள். காணிக்காரர் அந்த மேசையில் இல்லை. அதன் பலன் முப்பது வருடம் கழித்து வந்தது. 2001 ஒக்ரோபரில் ஜனாதிபதி பொக்ஸ் புதிய விமான நிலையத்தை ரெஸ்கோகோப் பக்கமே கட்டப்போவதாக அறிவித்து, சான் சல்வடோர் அத்தெங்கோ முதலான ஊர்களில் கமக்காரர்களின் நிலத்தைச் சதுர மீற்றர் ஏறத்தாழ 7 பெசோ விலையில் சுவீகரிக்க உத்தரவிட்டார். கமக்காரர் வயலில் பாவிக்கும் வெட்டுக்கத்திகளை உயர்த்திக்கொண்டு தலைநகருக்கு ஊர்வலம் போனார்கள். 2002 ஓகஸ்ற்றில் உத்தரவு வாபஸ். 2014 இல், பின்னர் ஜனாதிபதியாக வந்த பேனா நியேற்றோ அதே பக்கம் மீண்டும் ஒன்றைத் தொடங்கினார். அதை வரைந்தவர்களில் ஒருவர், எங்கள் ஸ்ரான்ஸ்ரெட்டை வரைந்த அதே நோர்மன் பொஸ்ரர். 2018 ஒக்ரோபர் 25 முதல் 28 வரை மக்களிடம் கேட்டார்கள். பத்து லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலானோர் வாக்களித்தார்கள், அவர்களில் ஏறக்குறைய 70 வீதத்தினர் சாந்தா லூசியா விமானப்படைத் தளமே போதும் என்றார்கள். பாதி எழும்பிய கட்டடம் நிறுத்தப்பட்டது. சாந்தா லூசியாவில் புதிய நிலையம் 2022 மார்ச் 21 இல் திறக்கப்பட்டது. அது சும்பாங்கோ நகராட்சியில்தான் இருக்கிறது. 1971 ஆம் ஆண்டுத் தாளில் இருந்த பெயருக்கே ஐம்பது வருடம் சுற்றிவந்து சேர்ந்தார்கள். வாக்களித்தவர்கள் அந்த நாட்டு வாக்காளரில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல்தான் என்பதையும் சொல்லவேண்டும். அதை நான் ஒருமனப்பாடு எண்டு சொல்லமாட்டேன்.

இனி எங்கள் சங்கத்துக்கு வருவோம். மேல்மாடி மண்டபத்தின் ஒப்பந்தம் முடியும் நேரம் வந்தபோது, இந்தமுறை கை தூக்க வேண்டாம், படித்ததைப் பாவித்துப் பார்ப்போம் எண்டு செயற்குழுவிடம் கேட்டேன். ஏழு பேரும் தலையாட்டினார்கள். ஒரு வழியை மட்டும் நம்பாமல் நாலைக் கலந்தோம்.

முதலாவது டெல்ஃபி முறை. அமெரிக்காவின் றாண்ட் நிறுவனத்தில் ஹெல்மரும் டால்கியும் 1950களில் உருவாக்கியது. நிபுணர்கள் பெயர் போடாமல் எழுதிக் கொடுப்பார்கள். தொகுத்துத் திருப்பிக் காட்டியதும் திரும்ப எழுதுவார்கள். பெரிய குரலுக்காரர் மற்றவர்களை அமுக்காமல் இருக்க இது உதவும். எங்களுக்கு மிகப் பொருத்தம், ஏன் எண்டு விளக்கத் தேவையில்லை. நாங்கள் சங்கத்தவர் எல்லோரிடமும் துண்டு வாங்கினோம். "மண்டபம் நல்லது, ஆனால் படி ஏறேலாது, ஒருதரும் கேக்கேல்லை" எண்டு ஒரு துண்டு. எழுத்து நடுங்கியிருந்தது.

இரண்டாவது தோமஸ் சாட்டியின் முறை. ஈராக்கில் மொசூலில் பிறந்த கணித அறிஞர். 1960களில் அமெரிக்க ஆயுதக் குறைப்பு நிறுவனத்தில் வேலைசெய்தபோது, விஞ்ஞானிகளும் சட்டத்தரணிகளும் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காமல் இழுபடுவதைப் பார்த்தவர். 1970களில் இந்த முறையை அமைத்தார். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக நிறை போடாமல் இரண்டிரண்டாக எடுத்து, இது அதைவிட எவ்வளவு முக்கியம் எண்டு 1 முதல் 9 வரை சொல்லவேண்டும். முன்னுக்குப்பின் முரணாகச் சொன்னால் கணக்கே காட்டிக்கொடுக்கும். ஏழு பேரின் எண்களையும் சேர்த்தபோது வாடகைக்கு 35, பஸ் வசதிக்கு 20, வகுப்பறைகளுக்கு 20, படிக்கு 15, சமையலறைக்கு 10 என 100 வந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் பத்துக்குப் புள்ளி போட்டுப் பெருக்கினோம். பழைய மேல்மாடி மண்டபம் 680, சமூக நிலையம் 615, பாடசாலை 580.

திரும்பவும் மேல்மாடி! பொருளாளர் அண்ணை சிரித்துக்கொண்டு, "பார்த்தியே, கணக்கும் என்ரை பக்கம்" என்றார். எனக்கு முகம் செத்துப்போனது. ஆனால் தாளைப் பார்த்தால் காரணம் தெரிந்தது. படிக்கு நிறை போட்ட ஏழு பேரில் எழுபது வயது தாண்டியவர் ஒரே ஒருவர். மிச்ச ஆறு பேரும் இரண்டிரண்டு படியாக ஏறுகிறவர்கள்.

அங்கேதான் மூன்றாவது வழி. பிரான்சில் பேர்னார்ட் றுவா 1968 இல் வெளியிட்ட எலெக்ற் முறை. கூட்டுத்தொகையில் ஓரிடம் எவ்வளவு முன்னுக்கு நின்றாலும், ஏதாவது ஒரு விடயத்தில் மற்றதைவிடத் தாங்கமுடியாத அளவு மோசமாக இருந்தால், அது மற்றதை வென்றதாக எடுக்கக்கூடாது எண்டு றுவா சொன்னார். குறைந்த வாடகையைக் காட்டி வாசலை அடைக்க முடியாது. படியில் மேல்மாடிக்கு 1, சமூக நிலையத்துக்கு 9. நடுங்கிய எழுத்துத் துண்டை நான் திரும்ப வாசித்தேன். ஒருதரும் கதைக்கவில்லை. பிறகு, நிறை போடுகிற மேசைக்கு முதியோரிலிருந்து மூன்று பேரையும் கூப்பிடவேண்டும் எண்டு செயலாளர் தங்கச்சி சொன்னா. கூப்பிட்டோம். ஒரு ஆச்சி, "உங்கடை இலக்கமெல்லாம் எனக்கு விளங்காது தம்பி, ஆனால் வாடகை கூடினால் மாதம் இரண்டு பவுண் நானும் தருவன்" என்றா.

கடைசியாகப் போர்டா. பெற்றோரிடம் ஒரு தரவரிசை, முதியோரிடம் இன்னொன்று. பெற்றோருக்குப் பாடசாலை ஒரு புள்ளியால் முன்னுக்கு, அடுத்தது சமூக நிலையம். முதியோருக்குச் சமூக நிலையம் முதலாவது. இருந்து கதைக்க இனி அதிகம் இருக்கவில்லை. வாடகை வித்தியாசத்துக்காகச் சந்தாவை உயர்த்தினோம். பொருளாளர் அண்ணை கூட்டக்குறிப்பில் ஒரு வசனம் எழுதச் சொன்னார். இந்த முடிவு காசளவில் சரியெண்டு அவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் குறுக்கே நிற்கமாட்டார். அப்படியே எழுதினோம். உயர்த்திய சந்தாவை முதலில் கட்டியவரும் அவர்தான்.

பிரிந்துபோன பள்ளி திரும்பி வரவில்லை. அவர்களுக்கும் இப்போது ஒரு மலர் வருகிறது, நல்ல மலர். மேல்மாடிக்கு வராமல் விட்ட ஆச்சிமாரில் இரண்டு பேர் இதற்கிடையில் காலமாகிவிட்டார்கள். மற்றவர்கள் சனிக்கிழமைகளில் சமூக நிலையத்துக் கதவடி மேசையில் இருந்து, வகுப்புக்கு ஓடிவருகிற பிள்ளைகளை மறித்து, "நீ ஆற்றை பிள்ளை?" எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.